கீழே ஒரு அறை

ஜனவரி 9

மாரெக் இன்று வேலையைத் தொடங்கிவிட்டார். போலந்துக்காரர். கூட இரண்டு பேர். வந்ததும் வராததுமாகக் குசினிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் நான் சோறு வடிக்கப் போனபோது அந்தச் சுவரே இல்லை. இவ்வளவு காலம் நான் தாளித்த வாசமெல்லாம் குப்பை வண்டியில் போயிற்று என்று வதனியிடம் சொன்னேன். "போகட்டும் மச்சாள், நல்லதுதானே" என்றாள். தம்பி மனைவி அப்படித்தான். எதையும் கழித்துக் கட்டுவதில் அவளுக்கு ஒரு சுகம்.

ஆனால் இந்த வேலையெல்லாம் நடப்பது எனக்காக. கிறிஸ்மஸ் விடுமுறையில் கடைக்குப் போய் வரும்போது தம்பி காரில் வைத்துச் சொன்னான்.

"அக்கா, உங்கட முழங்காலோட இனி இந்தப் படியெல்லாம் ஏறி இறங்க ஏலாது. கீழ முன்பக்கத்தில உங்களுக்கு ஒரு அறை. பக்கத்திலேயே குளிக்கிற இடம். நான் எல்லாம் யோசிச்சிட்டன்."

"எனக்காக வீட்டை இடிக்கிறதோ?"

"பிறகு ஆருக்காக?"

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை முடியும்வரை மாடியில் பின்பக்கச் சின்ன அறையில் இருக்கிறேன். ஒரு கட்டில், இரண்டு சூட்கேஸ். கதவை முழுதாகத் திறந்தால் கட்டிலில் இடிக்கும்.

ஜனவரி 12

தூசி. சோற்றிலும் சிமெந்து மணக்கிறது.

ஜனவரி 20

தம்பியோடு குளியலறைத் தரைக்கு ஓடு வாங்கப் போனேன். இளநீலத்தில் ஒன்று இருந்தது, கொஞ்சம் சொரசொரப்பு, கால் வழுக்காது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே நின்றேன். தம்பி பளபளக்கிற வெள்ளையைக் காட்டினான்.

"வதனிக்கு வெள்ளைதான் விருப்பம், அக்கா. வெள்ளை எண்டால் எல்லாருக்கும் பிடிக்கும்."

"எல்லாரும் எண்டு ஆர்? நாங்கள் மூண்டு பேர்தானே."

சிரித்தான். வெள்ளைதான் வாங்கினோம். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்றேன். பிறகு பூட்டலாம் என்றான். என் குளியலறையிலும் வதனியின் விருப்பம். இருக்கட்டும், கடைக்கு நேரம் ஒதுக்கி வந்தது தம்பிதான்.

பெப்ரவரி 3

வெளிச்சுவருக்கு வெள்ளையடித்து, மரச்சட்டங்களுக்குக் கறுப்புப் பூசுகிறார்கள். இந்தத் தெரு முழுதும் இப்படித்தான், பழைய டியூடர் பாணியில் வெள்ளைச் சுவரும் கறுப்புச் சட்டமும் கூரான கூரையுமாக ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். கோடையில் எதிர்வீடு தெரியாது. லண்டனுக்குள்தான் இருக்கிறோம் என்பது மறந்துவிடும்.

வீட்டை வாங்கியபோது எனக்கு முப்பத்தாறு வயது. நான் விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி கணக்காளர் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த புதிது. இருவர் உழைப்பும் சேர்ந்துதான் வாங்கியது. அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிப் போகிறவள்தானே, வீடு தம்பியின் பெயரில் இருக்கட்டும் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சரியாகப் பட்டது. சம்பந்தம் சரிவரவில்லை. பெயரை மாற்ற வேண்டும் என்று பிறகு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பெப்ரவரி 17

குசினி முடிந்துவிட்டது. புது அலுமாரிகள், ஒரு கைப்பிடிகூட வெளியே தெரியாது. சாமிப் படங்களைப் பழைய இடத்தில் வைக்கப் போனேன். வதனி தடுத்தாள்.

"இப்ப வைக்காதையுங்கோ மச்சாள். துணியில சுத்திப் பக்குவமா வைச்சால் கொண்டுபோக லேசு."

கொண்டுபோக எங்கே? குசினிக்கு அடுத்த அறைக்குத்தானே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. படங்களை எடுத்துப்போய்ச் சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். பின்னால் வந்து அறை வாசலில் நின்றாள்.

"உங்களுக்குக் கவலையில்லையோ மச்சாள்?"

"எனக்கென்ன கவலை?"

ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். புது வீடு மாதிரி ஆனதும் சாமியை வெளியேற்றிவிட்டோமே என்று மனம் குத்தியிருக்கும்.

மார்ச் 4

கீழ் அறை முடிந்துவிட்டது.

காலை வெயில் நேராக உள்ளே விழுகிறது. யன்னலுக்கு வெளியே பிளேன் மரத்தின் அடிமரம். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, தலைமாட்டை எங்கே வைப்பது என்று நின்று பார்த்தேன். மாரெக்கும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நல்ல அறை" என்றார். "ஓம், நல்ல அறை" என்றேன்.

பின்னேரம் ஒரு மேசையும் சுழல் கதிரையும் வந்து இறங்கின. தம்பி அவற்றை அந்த அறையில் போடச் சொன்னான். என் கட்டில்?

"பெயிண்ட் மணம் போகட்டும் அக்கா. உங்கட நெஞ்சுக்குக் கூடாது. கொஞ்ச நாள் மேலேயே இருங்கோ."

என் இழுப்பை நானே மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை.

மார்ச் 6

பக்கத்து வீட்டு மிஸிஸ் பாமர் வேலிக்கு மேலால் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் சமையல் வாசம் இல்லாமல் எனக்கு எப்படி இருக்குமோ என்று கண் கலங்கினாள். பாவம், மகள் அவளை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறாள் போலிருக்கிறது. நான் வந்து பார்ப்பேன் என்று ஆறுதல் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயதாகிவிட்டது அவளுக்கு.

மார்ச் 9

படம் எடுக்க ஒரு பையன் வந்தான். காப்புறுதிக்காம், தம்பி சொன்னான். புது மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களை அதில் நிரப்பினான். குசினியில் நின்றேன், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். விறாந்தையில் நின்றேன், அங்கேயும் கமராவுக்குள் வருகிறேனாம். கடைசியில் தோட்டத்துக்குப் போய் நின்றேன். அங்கேயும் வந்தான்.

எலுமிச்சம்பழங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஊறுகாய் போட்டுவிட்டேன்.

மார்ச் 18

தம்பி காலையிலேயே, "அக்கா, கோயிலுக்குப் போங்கோவன், நான் கொண்டுபோய் விடுறன்" என்றான். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். வாசலில் இறக்கிவிட்டு, ஆறுதலாக இருங்கோ, பிறகு வந்து ஏத்துறன் என்றான். பூசை முடிந்து, அன்னதானமும் முடிந்து, செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வந்தான்.

வீட்டில் மாடிக் கம்பளத்தில் சப்பாத்துத் தடங்கள். மாரெக்கின் ஆட்கள் வந்தார்களாம். சனிக்கிழமைகளில் வதனிக்கு மருந்துக்கடையில் வேலை, அவள் இல்லை. இருந்திருந்தால் கம்பளத்தைக் கண்டு கத்தியிருப்பாள்.

மார்ச் 25

இன்றும் கோயில். தம்பிக்குப் பக்தி வந்துவிட்டது, வாசல்வரைக்கும்.

ஏப்ரல் 1

எழுதத்தான் வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று ஆகும்.

கோயிலில் மழை. கூட்டமில்லை, பூசை சுருக்கமாக முடிந்துவிட்டது. தம்பியை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று பஸ் எடுத்து வந்துவிட்டேன். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் முன்பின் தெரியாத இரண்டு சோடிச் சப்பாத்து. மாடியில் பேச்சுக்குரல். தமிழ். எங்கள் தமிழல்ல, இந்தியத் தமிழ்.

படியில் மெல்ல ஏறினேன். என் சின்ன அறையில் ஒரு பெண் நின்றாள். முப்பத்துநாலு, முப்பத்தைந்து இருக்கும். கட்டிலில் நான் மடித்து வைத்திருந்த சீத்தைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூச்சப்பட்டாள்.

"மன்னிச்சுக்கங்க, கதவு திறந்திருந்துச்சு. நீங்க…?"

நான் வாயைத் திறக்குமுன் அடுத்த அறையிலிருந்து தம்பி வந்துவிட்டான். பின்னால் அவளுடைய கணவர். சூட் போட்ட ஓர் இளைஞனும் கையில் கடதாசிகளோடு நின்றான். தம்பி என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கணவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: "வீட்டு வேலைக்கு உதவியாக வருகிறவர். சில நாட்களில் இங்கேயே தங்கிக்கொள்வார்."

சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தான். யன்னலில் மழை.

நான் என்ன செய்தேன்? "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

கீழே போனேன். புது அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவர்கள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் கைத்தொலைபேசியில் இருப்பதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். "மரங்கள் நிறைஞ்ச அமைதியான தெரு, முழுசாப் புதுப்பிச்ச டியூடர் பாணி வீடு, மாடியில நாலு பெட்ரூம், கீழ வெளிச்சமான படிப்பறை. இதுதாங்க அந்தப் படிப்பறை." கீழ் அறையிலிருந்துதான் குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன், படங்களையும் காட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் எலுமிச்சம்பழம்.

தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். தம்பி கோப்பையை வாங்கும்போது "தாங்க்ஸ்" என்றான்.

இருபது வயதில் என்னிடம் வந்து சேர்ந்தவன். எத்தனை ஆயிரம் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு நாளும் தாங்க்ஸ் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருந்ததில்லை.

ஏப்ரல் 2

முழங்கால் வீங்கியிருக்கிறது. சமைக்கவில்லை.

ஏப்ரல் 4

தம்பி வாய் திறக்கவில்லை. வேலைக்கு விடிய முன்னம் போகிறான், வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போகிறான். நானும் கேட்கவில்லை. வதனியும் நானும் ஒன்றாக இருந்து லீக்ஸ் வெட்டினோம். அவள் முகத்தைப் பார்த்தேன். எதுவும் நடக்காதது போல எப்படி இருக்க முடிகிறது இவளால்.

அவள் சொல்லிக் கொடுத்துத்தான் அவன் அப்படிச் சொல்லியிருப்பான். வந்தவர்கள் முன்னால் வயதான நாத்தனார் ஒருத்தி, சின்ன அறையில், சூட்கேஸோடு. அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். அவன் பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். பதறினால் அவன் சின்ன வயதிலும் அப்படித்தான்.

ஏப்ரல் 8

கடைக்கு என்று சொல்லிக் காரில் ஏற்றினான். கடைப்பக்கம் திரும்பவில்லை. பெரிய வீதியால் வெகுதூரம் போய் ஒரு செங்கல் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினான். முதியவர்களுக்கான குடியிருப்பு.

"நல்ல இடம் அக்கா. லிஃப்ட் இருக்கு. ஏதும் எண்டால் மணியை அமத்தினால் ஆள் வரும். தமிழ் ஆக்களும் இருக்கினமாம். உங்கட பேர் குடுத்து வைச்சிருக்கிறன்."

இறங்கவில்லை. அவனும் இறங்கச் சொல்லவில்லை.

"ஆரபிக்குப் பிள்ளை கிடைக்கப் போகுது" என்று மகளின் கதையை எடுத்தான். "நாங்கள் மான்செஸ்டருக்கே போய் அவளோட இருக்கப் போறம். உங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

"எப்ப முடிவு செய்தது?"

"போன வருசம், அவள் அங்க குடிபோன நேரம்."

கடையில் நான் இளநீலத் தரையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அண்டைக்கு அவையளுக்கு என்னை ஆர் எண்டு சொன்னனி, தம்பி?"

ஸ்டியரிங்கைத் தடவினான்.

"அது சட்டச் சிக்கல் அக்கா. நீங்கள் அங்க இருக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சால் வாங்கிறவையின்ர வக்கீல் உங்கட கையெழுத்தும் கேப்பார். பிறகு உங்களுக்கும் பங்கு இருக்கோ எண்டு கிண்டுவாங்கள். ஏன் அந்தக் கரைச்சல்?"

"எனக்குப் பங்கு இருக்கோ?"

சிக்னலைப் போட்டுக் காரை எடுத்தான்.

வெட்கம் என்று நினைத்திருந்தேன். வெட்கம் என்றால் பொறுத்திருப்பேன். இது வக்கீலிடம் போய்க் கேட்டு வந்து, நன்றாக யோசித்துச் சொன்ன சொல்.

இதுவும் வதனியின் யோசனையாகத்தான் இருக்கும் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்க்கிறேன், கை ஓடவில்லை.

ஏப்ரல் 11

இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மணி அடித்தது. அந்தப் பெண். கூட அந்தச் சூட் போட்ட இளைஞன், வீட்டுத் தரகர். திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாளாம். பெயர் தேனம்மை, காரைக்குடிப் பக்கம், இங்கே பல் வைத்தியராக இருக்கிறாள். இளைஞன் தொலைபேசியோடு முன்வாசலிலேயே நின்றுவிட்டான். நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கீழ் அறை யன்னலை அளக்கும்போது கேட்டாள்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நாங்க குடிவந்த பிறகும் நீங்க இங்க வருவீங்களா? எனக்கு ரெண்டு வயசுல பையன் இருக்கான். ஆள் தேடித் தேடி அலுத்துட்டேன். அன்னிக்கு நீங்க டீ கொடுத்தீங்களே, அப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மேல அந்தச் சின்ன ரூம்லயே நீங்க இருந்துக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்துவிட்டேன். அவள் விளங்காமல் தானும் சிரித்தாள். நல்ல பிள்ளை. கள்ளம் இல்லாத முகம். இவளிடம் நான் ஆம் என்று சொன்னால் இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றுகூட ஒரு நொடி ஓடியது மனதில். அவ்வளவு கீழே போய்விட்டேன்.

பிறகு சொன்னேன்.

"பிள்ளை, நான் வேலைக்கு வாற ஆள் இல்லை. அவர் என்ர தம்பி. வீடு வாங்கின நாளில இருந்து நான் இஞ்சதான் இருக்கிறன். வாங்கினதில என்ர உழைப்பும் இருக்கு."

நாடா சுருண்டு அவள் கைக்குள் போய்விட்டது. சுழல் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களேம்மா."

"ஓம், அப்பிடித்தான் எழுதியிருப்பான்."

"இதை நான் எங்க வக்கீல்கிட்ட சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லுங்கோ பிள்ளை."

போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "அன்னிக்கு உங்களை நிக்க வச்சே டீ குடிச்சோமே" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கு வரவில்லை.

ஏப்ரல் 14

சித்திரைப் புதுவருடம். பால்பொங்கல் இறக்கி வைத்திருந்தேன். தம்பி தொலைபேசியைக் கையில் பிடித்தபடி படியால் இறங்கி வந்தான்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள் எண்டு தெரியுமோ? எல்லாம் நிண்டு போச்சு. அவையின்ர வக்கீல் கேள்விக்கு மேல கேள்வி கேக்கிறார்."

வதனி அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னப்பா, என்ன நடந்தது?"

"இவ அந்தப் பிள்ளையிட்டச் சொல்லியிருக்கிறா, தான் இந்த வீட்டுக்காரி எண்டு."

"வீட்டுக்காரி எண்டு சொல்லேல்ல" என்றேன். "உன்ர அக்கா எண்டு சொன்னனான். நீ என்னை வேலைக்காரி எண்டு சொன்னதுக்குப் பிறகு."

வதனி கையிலிருந்த அகப்பையை வைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"என்னண்டு சொன்னவர்?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், நீங்கள்தானே தனிய இருக்க விருப்பம் எண்டு கேட்டனீங்கள்? எங்களோட இருந்து களைச்சுப் போனன், ஒரு சின்ன இடம் பார்த்துத் தா எண்டு?"

"ஆர் சொன்னது?"

அவள் அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் பால்பொங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதைப் பற்றி உங்களோட கதைக்க வேண்டாம் எண்டவர்" என்றாள் வதனி. "கதைச்சால் அக்கா அழுவா, முடிவை மாத்திப்போடுவா எண்டு. நான் எத்தினை தரம் உங்கட அறை வாசலில வந்து நிண்டனான் தெரியுமோ? அந்தக் கீழ் அறையை மச்சாளுக்குக் குடுத்து இஞ்சயே வைச்சிருப்பம் எண்டு சொன்னதும் நான்தான். நீலத் தரை ஓடு நல்லம் எண்டு சொன்னதும் நான். உங்களுக்குத்தான் ஒண்டும் வேண்டாம் எண்டு இவர் வந்து சொன்னவர்."

எனக்கு வேண்டாம் என்று அவளிடம். அவளுக்குப் பிடிக்காது என்று என்னிடம். நடுவில் நின்று இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறான். இந்தக் கொப்பியில் ஜனவரியிலிருந்து வதனியைப் பற்றி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

தம்பிக்கு அப்போதுதான் கோபம் உண்மையாக வந்தது. பிடிபட்ட கோபம்.

"நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்? இவ்வளவு காலமும் என்ர வீட்டில வாடகை இல்லாமல்தானே இருந்தனீங்கள்?"

வதனி, "வாயை மூடுங்கோ" என்றாள்.

நான், "சரி" என்றேன். மேலே போனேன். படியில் முழங்கால் வலித்தது தெரியவில்லை.

ஏப்ரல் 21

வக்கீலைப் பார்த்தேன். மலையாளப் பெண், சின்ன வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம்பியைக் கோர்ட்டுக்கு இழுக்கத் தயாரா என்று கேட்டாள். அவள் தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

தயார் என்றேன்.

ஏப்ரல் 22

ஆரபி தொலைபேசியில் எடுத்தாள். அழுகிறாள். அவளிடமும் அத்தைக்குத் தனியாக இருக்க ஆசை என்றுதான் சொல்லியிருக்கிறான். "நீங்கள் என்னை விட்டிட்டுப் போக ஆசைப்பட்டீங்கள் எண்டு நான் உங்களோட கோவமா இருந்தனான் அத்தை." இரண்டு மாதமாக அவள் எடுக்காதது அதனால்தானாம். நான் வயிற்றுப்பிள்ளைக்காரி களைத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மே 6

ஒரே வீட்டில் மூன்று பேர். தம்பி தன் சாப்பாட்டை வாங்கி வந்து மேலே சாப்பிடுகிறான். வதனி என் கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவரச் சொல்லி மாரெக்கைக் கூப்பிட்டாள். மேசையைத் தோட்டத்துக் கொட்டிலில் போட்டாள். "கொஞ்ச நாள் எண்டாலும் இருங்கோ மச்சாள்" என்றாள்.

மே 7

கீழ் அறையில் நித்திரை வரவில்லை. வெளிச்சம் கூட. திரைச்சீலை இல்லை.

மே 29

தம்பியின் வக்கீல் இறங்கி வந்துவிட்டார். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. விற்கிற பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும், என் பங்கு எனக்கு வரும். என் வக்கீலுக்குச் சந்தோஷம். வென்றுவிட்டோம் என்றாள். தம்பியை வெல்வது எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கிவிட்டேன்.

ஜூன் 23

கையெழுத்து வைத்தேன். தம்பியும் அதே மேசையில், எனக்குப் பக்கத்துக் கதிரையில். பேனா எழுதவில்லை. தன்னுடையதைத் தந்தான். வாங்கி எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 15

வீடு மாறிவிட்டேன். இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை. லிஃப்ட் உண்டு. யன்னலைத் திறந்தால் சுப்பர்மார்க்கெட்டின் கார்த் தரிப்பிடம். அவன் பார்த்து வைத்த குடியிருப்பு அல்ல, நானே தேடியது. தேனம்மை புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டாள். பிள்ளையைக் கொண்டு இங்கே வா, வடை சுட்டுத் தருகிறேன் என்றேன். அந்தத் தெருவுக்கு இப்போதைக்குப் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 2

மான்செஸ்டருக்குப் போகுமுன் வதனி வந்தாள். தனியாக. ஒன்றாகச் சமைத்தோம், கதிரையில்லாததால் கட்டிலில் இருந்து சாப்பிட்டோம்.

"நீரும் போறீரோ?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது மச்சாள். பிள்ளை அங்க. பேரப்பிள்ளையும் வரப்போகுது." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நேற்று இவர் மழை வரும்போல இருக்கு எண்டார். நான் எழும்பிப் போய் யன்னலால பார்த்திட்டு வந்தன்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் தோளில் நான் கை வைத்தது இன்றுதான்.

செப்டம்பர் 19

ஆரபிக்கு மகன். படம் அனுப்பியிருக்கிறாள். முடி நிறைய.

அக்டோபர் 13

இன்று தம்பி எடுத்தான். பத்திரத்தில் கையெழுத்து வைத்த நாளுக்குப் பிறகு இப்போதுதான். குரல் பழைய குரல்தான், ஒன்றுமே நடக்காதது போல.

"அக்கா, பேரனுக்கு முப்பத்தொண்டாம் நாள் வருது. நீங்கள் வந்து தூக்கி மடியில வைச்சுத்தான் பேர் வைக்கோணும். நீங்கள் வராமல் என்னண்டு?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"பழசை எல்லாம் விடுங்கோ அக்கா. நான் அப்ப கொஞ்சம் யோசிக்காமல் நடந்திட்டன். எங்களுக்குள்ள என்ன."

யோசிக்காமல் என்றான். ஒரு வருடம் யோசித்தவன்.

"காலமை ரயிலில வாங்கோ. ஸ்டேஷனுக்கு நானே வந்து நிப்பன். வாறீங்கள்தானே?"

"ஓம் தம்பி, கட்டாயம் வாறன்" என்றேன்.

நான் போகப் போவதில்லை. ஆரபிக்கும் வதனிக்கும் நேற்றே சொல்லிவிட்டேன், பேர் வைத்ததற்கு அடுத்த கிழமை, தம்பி வேலைக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து வந்து பிள்ளையை ஆசை தீர மடியில் வைத்திருப்பேன் என்று. அவனிடம் சொல்லவேண்டாம் என்றேன். சரி என்றார்கள், ஏன் என்று கேட்கவில்லை.

அவன் வந்து நிற்பான். ரயில் வந்து, எல்லோரும் இறங்கிப் போய், அடுத்த ரயிலும் வரும்வரைக்கும் நிற்பான். நான் வருவேன் என்று அவனுக்குச் சந்தேகமே இருக்காது. இத்தனை வருடத்தில் நான் அவனுக்கு ஒரு பொய் சொன்னதில்லை.